சென்னை – சிங்கப்பூர்: போக ஏழு மணி நேரம், வர ஒன்றரை மணி நேரமா?

வடுவூர்க்காரன் கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம்.

என் அம்மாவுக்கு 67 வயது. மன்னார்குடி பக்கம் வடுவூரில் இருக்கிறார். இதுவரை விமானம் ஏறியதில்லை. அக்கா சிங்கப்பூரில் யீஷூனில் இருக்கிறாள், ஆகஸ்ட் முதல் வாரம் அவளுக்குப் பிரசவம். அதற்காக அம்மா ஜூலை 18 இரவு சென்னையிலிருந்து கிளம்புகிறார். எனக்கு லீவு கிடைக்கவில்லை, அதனால் தனியாகத்தான் போகிறார்.

போன சனிக்கிழமை டிக்கெட்டை அச்செடுத்து ஊருக்குக் கொண்டு போயிருந்தேன். அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்தார். போகும்போது சென்னையில் இரவு 11.20, சிங்கப்பூரில் காலை 6.15. செப்டம்பரில் திரும்பும்போது சிங்கப்பூரில் இரவு 8.10, சென்னையில் இரவு 9.45. விரல் விட்டு எண்ணினார். “ஏண்டா தம்பி, போறதுக்கு ஏழு மணி நேரம், வர்றதுக்கு ஒன்றரை மணி நேரம்னு போட்டிருக்கு. போற வழி மேடு, வர்ற வழி பள்ளமா?” என்று கேட்டார்.

நேர வித்தியாசம் அம்மா, அங்கே கடிகாரம் இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடும் என்றேன். “சரி, அப்போ நான் எவ்வளவு நேரம் உள்ளே உட்கார்ந்திருக்கணும், அதைச் சொல்லு” என்றார். அங்கேதான் என்னால் பதில் சொல்ல முடியவில்லை. இணையத்தில் தேடினால் ஒரு பக்கம் 3 மணி 40 நிமிடம் என்கிறது, இன்னொன்று நாலே கால் என்கிறது, டிக்கெட்டைக் கழித்துப் பார்த்தால் 4.25 வருகிறது. தூரமும் ஆளுக்கு ஒன்றாகச் சொல்கிறார்கள்.

இதை நான் சும்மா தெரிந்துகொள்ளக் கேட்கவில்லை. அம்மாவுக்குத் தைராய்டு மாத்திரை காலை ஐந்தரை மணிக்கு வெறும் வயிற்றில். சர்க்கரை மாத்திரை காலை எட்டு, இரவு எட்டு, சாப்பாட்டோடு. வேளை தவறினால் கை நடுங்கும், வேர்த்துக் கொட்டும். ஒரே இடத்தில் உட்கார்ந்தால் கால் வீங்கும். அதனால் உண்மையான தூரம் எவ்வளவு, உண்மையில் எத்தனை மணி நேரம், திரும்பி வருவது நிஜமாகவே குறைவா, மாத்திரையை எந்த ஊர் மணிக்குப் போடுவது என்று விவரம் தெரிந்தவர்கள் சொன்னால் அம்மாவுக்கு அப்படியே படித்துக் காட்டுவேன்.


கணக்குப்பிள்ளை76 எழுதியது:

கணக்கு எளிதுதான் நண்பரே. இந்தியாவுக்கும் சிங்கப்பூருக்கும் 2 மணி 30 நிமிடம் வித்தியாசம். போகும்போது அதைக் கழிக்க வேண்டும்: 6.55இல் 2.30 போனால் 4.25. வரும்போது கூட்ட வேண்டும்: 1.35உடன் 2.30 சேர்த்தால் 4.05. அதாவது இருபது நிமிடம்தான் வித்தியாசம். அந்த இருபது நிமிடம் பூமி சுற்றுவதால் வருவது. பூமி மேற்கிலிருந்து கிழக்காகச் சுற்றுகிறது, மேற்கே வரும்போது சென்னையே விமானத்தை நோக்கி வந்துவிடுகிறது, அதனால் சீக்கிரம் சேர்ந்துவிடலாம்.

அம்மா நல்லபடியாகப் போய் வரட்டும்.


திரிசூலம் எழுதியது:

தம்பி, கணக்குப்பிள்ளை சொன்ன கூட்டல் கழித்தல் மிகச் சரி. பூமி சுற்றுவதால் என்பது மட்டும் சரியில்லை. பூமியோடு சேர்ந்து அதன் மேலிருக்கும் காற்றும் சுற்றுகிறது, விமானம் அந்தக் காற்றுக்குள்தான் பறக்கிறது. அவர் சொல்வது போல இருந்தால் டெல்லியிலிருந்து லண்டன் போவது சீக்கிரமும், லண்டனிலிருந்து டெல்லி வருவது தாமதமுமாக இருக்க வேண்டும். நடப்பது நேர்மாறு. காரணம் காற்றுதான். அதற்குப் பிறகு வருகிறேன்.

நான் 26 வருஷம் ஃபிளைட் டிஸ்பாட்ச் வேலையில் இருந்து ஓய்வு பெற்றவன். விமானம் எந்த வழியாகப் போக வேண்டும், எவ்வளவு எரிபொருள் ஏற்ற வேண்டும், எத்தனை மணிக்கு எந்த இடத்தைத் தாண்டும் என்று கணக்குப் போட்டு கேப்டன் கையில் கொடுக்கும் வேலை. பெரும்பாலும் இரவு ஷிஃப்ட். இரவில் கிழக்கே போகும் விமானங்கள் நிறைய என் கையால் போயிருக்கின்றன. இந்தப் பாதையை எனக்கு எங்கள் தெருவைப் போலத் தெரியும்.

முதலில் தூரம். ஒரு உலக உருண்டையை எடுத்து மீனம்பாக்கத்துக்கும் சிங்கப்பூர் விமான நிலையமான சாங்கிக்கும் நடுவே நூலை இழுத்துப் பிடித்தால் சுமார் 2,920 கிலோமீட்டர் வரும். எங்கள் கணக்கில் 1,580 நாட்டிக்கல் மைலுக்கு ஒட்டி. அம்மாவுக்கு எண்ணாகச் சொல்லாதீர்கள். கன்னியாகுமரியிலிருந்து ஸ்ரீநகர் வரை வானத்தில் நேராகப் போனால் எவ்வளவு தூரமோ, ஏறக்குறைய அதே தூரம்தான் சென்னைக்கும் சிங்கப்பூருக்கும். இந்தியாவை உயரவாக்கில் ஒரு முறை அளந்த மாதிரி.

அந்த நூல் எதன் மேலே போகிறது என்று பார்த்தால், சென்னைக் கரையை விட்டதும் வங்காள விரிகுடா. முதல் பாதி முழுக்கத் தண்ணீர்தான். நிக்கோபாருக்குச் சற்று முன்னால் பாதி வழி முடியும். அப்புறம் பெரிய நிக்கோபாரின் தென்கோடியில் இருக்கும் இந்திரா முனைக்குப் பக்கமாகப் போய், சுமத்ராவின் வடக்கு நுனியைத் தொட்டு, மலாக்கா நீரிணை ஓரமாகவே சிங்கப்பூருக்கு இறங்கும். ஆனால் விமானம் நூல் பிடித்தாற்போலப் போவதில்லை. வானத்திலும் ரோடு போட்டுத்தான் வைத்திருக்கிறார்கள், ஒவ்வொரு திருப்பத்துக்கும் ஐந்து எழுத்தில் ஒரு பெயர் உண்டு. காற்றையும் மேகத்தையும் போக்குவரத்தையும் பார்த்து ஒரு நாள் பினாங்கு பக்கமாகப் போகும், இன்னொரு நாள் சுமத்ரா பக்கமாகப் போகும். அதனால்தான் தூரத்தை ஆளுக்கு ஒன்றாகச் சொல்கிறார்கள். எல்லோரும் சொல்வதும் ஏதோ ஒரு வகையில் சரிதான்.

நேரமும் அப்படியே. இணையத்தில் 3.40 என்று போட்டிருப்பது சக்கரம் தரையை விட்டதிலிருந்து மறுபடி தரையைத் தொடும் வரை. டிக்கெட்டில் இருக்கும் 4.25 என்பது நிறுத்துமிடத்திலிருந்து விமானத்தைப் பின்னால் தள்ளுவதில் தொடங்கி, சாங்கியில் கொண்டுபோய் நிறுத்தும் வரை. இதை பிளாக் டைம் என்போம். ஓடுபாதைக்குப் போக, வரிசையில் நிற்க, இறங்கிய பின் உருண்டு போக என்று தரையிலேயே அரை மணி நேரம் போய்விடும். கொஞ்சம் தாமதமானாலும் சமாளிக்க நிறுவனங்கள் சில நிமிடம் கூடச் சேர்த்தும் வைப்பார்கள்.

ஆனால் அம்மா கேட்டது இந்த இரண்டையும் இல்லை. எவ்வளவு நேரம் உள்ளே உட்கார்ந்திருக்கணும் என்று கேட்டார். அதுதான் சரியான கேள்வி, அதற்கு எந்தத் தளத்திலும் பதில் இருக்காது. 11.20 விமானத்துக்கு 10.35 வாக்கில் ஏறச் சொல்வார்கள். சக்கர நாற்காலி உதவி கேட்டிருந்தால் முதலிலேயே ஏற்றிவிடுவார்கள். சாங்கியில் 6.15க்கு நின்று, வெளியே வர 6.30. சென்னை மணிக்கு அது அதிகாலை நாலு. ஆக, ஐந்தரை மணி நேரம் என்று சொல்லுங்கள். அதில் நடுவே மூன்று மணி நேரமாவது பெல்ட் விளக்கு அணைந்திருக்கும், எழுந்து நடக்கலாம். நடைவழிப் பக்கத்து சீட் வாங்குங்கள். கால் வீக்கத்துக்கு ஒரு மணிக்கு ஒரு தடவை எழுந்து பின்பக்கம் வரை போய் வந்தால் நல்லது. வடுவூரிலிருந்து மீனம்பாக்கம் வர ஏழு மணி நேரம் காரில் உட்கார்ந்து வரப்போகிறாரே, அதைவிட இது குறைவு. முடிந்தால் முதல் நாளே சென்னைக்குக் கூட்டி வந்து தூங்கவிடுங்கள்.

இனி மேடு பள்ளம். அம்மாவிடம் சொல்லுங்கள், அவர் கேட்டதில் உண்மை இருக்கிறது. ஜூலை மாதம் போகும் வழி மேடுதான்.

எங்களிடம் ஒவ்வொரு ஷிஃப்டுக்கும் காற்று வரைபடம் வரும். வரைபடம் முழுக்கச் சின்னச் சின்ன அம்புகள். அம்பின் வாலில் முழுக்கோடு ஒன்றுக்கு 10 நாட் (நாட் என்றால் மணிக்கு ஒரு நாட்டிக்கல் மைல் வேகம்), அரைக்கோட்டுக்கு 5 நாட், கறுப்பு முக்கோணம் ஒன்று வந்தால் 50 நாட். வால் எந்தப் பக்கம் இருக்கிறதோ அந்தப் பக்கத்திலிருந்து காற்று வருகிறது என்று அர்த்தம். ஜனவரியில் டெல்லிக்கு மேலே பார்த்தால் முக்கோணங்கள் மேற்குப் பக்கம் வரிசையாக இருக்கும். ஜூன் பிறந்ததும் நம் தென்னிந்தியாவுக்கு மேலே படம் தலைகீழாகும். அம்புகள் எல்லாம் கிழக்கே வாலை வைத்துக்கொண்டு நிற்கும். நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷம் வரைபடத்தைத் தவறாகப் பிடித்திருக்கிறேனோ என்று திருப்பிப் பார்த்தேன். பக்கத்து மேஜை சீனியர்தான் விளக்கினார்.

இதற்கு வெப்பமண்டலக் கீழை ஜெட் காற்று என்று பெயர். 1958இல் இதை எழுதி உலகத்துக்குக் காட்டியவர் கோட்டீஸ்வரம், நம் வானிலைத் துறை விஞ்ஞானி. கோடையில் திபெத் பீடபூமி வெயிலில் காய்ந்து, அதற்கு மேலே இருக்கும் காற்று தெற்கே இந்தியப் பெருங்கடலுக்கு மேலே இருப்பதைவிடச் சூடாகிவிடுகிறது. வழக்கத்துக்கு மாறாக வடக்கே சூடு, தெற்கே குளிர். அந்த வித்தியாசத்தில் மிக உயரத்தில் கிழக்கிலிருந்து மேற்காகக் காற்று ஆறு போல ஓடும். அதன் நடுப்பகுதி 14 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கும், விமானம் போவது 11, 12 கிலோமீட்டரில். இருந்தாலும் அங்கேயும் அது பலமாகவே தெரியும். ஆக, அம்மா சொன்ன மேடு இருக்கத்தான் இருக்கிறது, அது இருக்கும் இடம் திபெத்.

கணக்காகச் சொல்கிறேன். விமானம் மணிக்கு 850 கிலோமீட்டர் என்று வைத்துக்கொண்டால் காற்றே இல்லாத நாளில் 2,920 கிலோமீட்டருக்கு 3 மணி 26 நிமிடம். ஏறி இறங்கும் நேரத்தை இதில் சேர்க்கவில்லை. எதிர்க்காற்று 40 நாட், அதாவது 74 கிலோமீட்டர் என்றால் 3 மணி 46 நிமிடம் ஆகும். அதே காற்று பின்னாலிருந்து தள்ளினால் 3 மணி 10 நிமிடம். போக வர 36 நிமிடம் வித்தியாசம். டிக்கெட்டில் இருபதுதான் தெரிகிறது என்றால், மார்ச் கடைசியிலிருந்து அக்டோபர் கடைசி வரை ஒரே அட்டவணை, பல மாதங்களுக்கும் பொதுவாகப் போட்டது. டிசம்பர், ஜனவரியில் இந்த வித்தியாசம் நன்றாகக் குறைந்துவிடும்.

மாத்திரை விஷயத்தை டாக்டரிடம்தான் கேட்க வேண்டும், நான் சொல்லக் கூடாது. ஒன்று மட்டும். மருந்து எதுவும் பெட்டியில் போய்விடக் கூடாது. கைப்பையில், அதுவும் சீட்டுக்கு மேலே வைக்கும் பையில் இல்லாமல், காலடியில் இருக்கும் பையில்.


நாகை டு யீஷூன் எழுதியது:

திரிசூலம் ஐயா எழுதியதை இரண்டு தடவை படித்தேன். 47 வருஷமாக இந்த இரண்டு ஊருக்கும் போய் வந்துகொண்டிருக்கிறேன், காற்று இப்படி மாறும் என்று இன்றுதான் தெரிந்தது.

தம்பி, நானும் யீஷூன்தான். 1978இல் கல்யாணமாகி இங்கே வந்தேன். வந்தது எம்.வி. சிதம்பரம் கப்பலில். நாகப்பட்டினத்தில் கப்பல் கரைக்கு வராது, தூரத்தில் நிற்கும். படகில் போய் ஏற வேண்டும். என் அம்மா கரையில் நின்றதும், அலையில் படகு ஏறி இறங்க அவர் தலை தெரிந்து தெரிந்து மறைந்ததும் இன்றைக்கும் கண்ணில் இருக்கிறது. பினாங்கு, கிள்ளான் துறைமுகம், அப்புறம் சிங்கப்பூர். ஒரு வாரம் போல ஆனது. உங்கள் அம்மாவுக்கு ஒரே இரவு.

அந்தக் கப்பலில் நடந்த ஒன்றைச் சொல்லத்தான் எழுதுகிறேன். ராத்திரி சாப்பாடு முடிந்ததும், இன்று கடிகாரத்தை அரை மணி முன்னால் தள்ளி வையுங்கள் என்று அறிவிப்பார்கள். நாலு தடவை அப்படித் தள்ளினோம். பினாங்கில் இறங்கும்போது கடிகாரமும் சரி, பசியும் சரி, தூக்கமும் சரி, எல்லாம் அந்த ஊர் நேரத்துக்கு வந்திருந்தது. ஒரு நாளும் உடம்புக்கு ஒன்றும் தெரியவில்லை.

ஏன் நாலு தடவை, அஞ்சு இல்லையா என்று கேட்பீர்கள். அப்போது வித்தியாசம் இரண்டு மணி நேரம்தான். 1981 டிசம்பர் 31 இரவு பதினொன்றரை மணிக்கு இங்கே கடிகாரத்தை நேராகப் பன்னிரண்டு ஆக்கிவிட்டார்கள். மலேசியா தீபகற்பத்தில் மாற்றினார்கள், சிங்கப்பூரும் கூடவே மாற்றிக்கொண்டது. அந்தப் புத்தாண்டு அரை மணி முன்னாலேயே பிறந்தது. ஊரில் இருந்த என் அப்பாவுக்கு எழுதிய கடிதத்தில் இனி இரண்டரை மணி நேரம் என்று கோடு போட்டு எழுதினேன்.

இதனால் உங்கள் அம்மாவுக்கு ஒரு விஷயம் வினோதமாக இருக்கும், முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். இங்கே கடிகாரம் சூரியனைவிட ஒரு மணி நேரம் முன்னால் ஓடுகிறது. விடிவது ஏழு மணிக்கு, வருஷம் முழுக்க ஏறக்குறைய அப்படித்தான். 6.15க்கு இறங்கும்போது கும்மிருட்டாக இருக்கும். என் மாமியார் முதல் தடவை வந்தபோது விமானம் நடுராத்திரியில் வேறு எங்கேயோ இறங்கிவிட்டது என்றே பயந்துவிட்டார். நாங்கள் வெளியே காத்திருந்தோம், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவர் நகரவே இல்லை.

அப்புறம் சில சின்ன விஷயங்கள். வருகை அட்டை என்று ஒன்று இருக்கிறது, இறங்குவதற்கு மூன்று நாளுக்குள் இணையத்தில் நிரப்ப வேண்டும். காசு கிடையாது, காசு கேட்கும் தளம் எதுவானாலும் அது குடிநுழைவு ஆணையத்துடையது இல்லை. பிரசவத்துக்கு வருகிறார் என்றால் சுக்கு, திப்பிலி, லேகியம், பத்திய மருந்து எல்லாம் கட்டிக்கொண்டு வருவார். கசகசா மட்டும் வேண்டாம், இங்கே அதற்குக் கட்டுப்பாடு உண்டு. கருவாடும் வேண்டாம், அக்காவுக்குத் தேவையானது தேக்காவில், அதாவது இங்கே லிட்டில் இந்தியா கடைத்தெருவில், எல்லாம் கிடைக்கும். டாக்டர் சீட்டு கையில் இருக்கட்டும். சாங்கியிலிருந்து யீஷூனுக்கு டாக்சியில் அரை மணி நேரம். ஏழேகாலுக்குள் வீட்டில் இருப்பார்.

எந்தப் புளோக் என்று இங்கே எழுத வேண்டாம், அக்காவிடம் மட்டும் சொல்லி வையுங்கள். வேண்டுமென்றால் நான் ஒரு நாள் போய் அம்மாவைப் பார்த்துவிட்டு வருகிறேன். அந்த வயதில் புது ஊரில் தன் பக்கத்துப் பேச்சு ஒன்று காதில் விழுந்தால் பெரிய ஆறுதல்.


வடுவூர்க்காரன் எழுதியது:

ஐயா, அம்மா, கணக்குப்பிள்ளை சார், மூவருக்கும் நன்றி. நேற்று இரவு போனில் முழுவதையும் அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். ஐந்தரை மணி நேரம் என்றதும் “மன்னார்குடியிலேர்ந்து மெட்ராஸ் வர்றதைவிடக் குறைச்சல்தானே” என்று நிம்மதியாகிவிட்டார். கருவாடு கூடாது என்றதற்குத்தான் கொஞ்ச நேரம் பேசவில்லை.

கப்பல் கடிகாரத்தைப் பற்றி எழுதியிருந்தீர்களே, அதை அப்படியே டாக்டரிடம் சொன்னேன். நன்றாக இருக்கிறது, அப்படியே செய்யுங்கள் என்றார். பயண நாளும் மறுநாளும் சென்னை மணிக்கு மாத்திரை. அப்புறம் தினமும் அரை மணி முன்னால், ஐந்து நாளில் சிங்கப்பூர் மணிக்கு வந்துவிடலாம். இது அம்மா சாப்பிடும் மாத்திரைகளுக்கு அவர் சொன்னது, மற்றவர்கள் அவரவர் டாக்டரைக் கேட்டுக்கொள்ளுங்கள். இன்சுலின் போடுகிறவர்களுக்கு வேறு கணக்கு என்றும் சொன்னார்.

கணக்குப் போட்டுப் பார்த்தால் எல்லாம் பொருந்தி வருகிறது. இரவு எட்டு மணி மாத்திரை விமான நிலையத்தில், கட்டிக்கொண்டு போகும் இட்லியோடு. அதிகாலை ஐந்தரை தைராய்டு மாத்திரை என்பது சிங்கப்பூரில் எட்டு மணி, அப்போது அக்கா வீட்டில் இருப்பார். நடுவானில் எதுவும் வரவில்லை.

ஐயா, இன்னும் ஒரே ஒரு கேள்வி. ஜூலையில் மழை, குலுக்கல் எப்படி இருக்கும்? அம்மாவுக்கு அது ஒன்றுதான் பயம்.


திரிசூலம் எழுதியது:

குலுங்கும், கொஞ்சம் குலுங்கத்தான் செய்யும். தென்மேற்குப் பருவமழைக் காலம், விரிகுடாவுக்கு மேலே உயரமான மேகங்கள் இருக்கும். கேப்டன் ரேடாரில் பார்த்து அவற்றைச் சுற்றிக்கொண்டு போவார். அம்மாவிடம் இப்படிச் சொல்லுங்கள்: மண் ரோட்டில் பஸ் போவது போலத்தான். உட்கார்ந்திருக்கும் நேரமெல்லாம் பெல்ட்டைக் கழற்ற வேண்டாம், தளர்வாகப் போட்டுக்கொண்டால் போதும்.

இன்னொன்றும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். ஏப்ரல் முதல் நவம்பர் வரை மலாக்கா நீரிணைப் பக்கமிருந்து ஒரு புயல் வரிசை விடியற்காலையில் சிங்கப்பூரைத் தாண்டும். அதற்கு ‘சுமத்ரா’ என்றே அங்கே பெயர். ஓரிரண்டு மணி நேரம் பலத்த காற்றும் மழையும் அடித்துவிட்டு ஓய்ந்துவிடும். அம்மா இறங்கும் நேரமும் அதுதான். அப்படி ஒரு நாளாக இருந்தால் விமானம் வானத்திலேயே சுற்றிக்கொண்டு காத்திருக்கும். அதற்கும் எரிபொருள் கணக்கில் இருக்கும், சாங்கியில் இறங்கவே முடியாவிட்டால் பக்கத்தில் ஜொகூரின் செனாய்க்கோ பாத்தாமுக்கோ போகவும் இருக்கும். நான் போட்ட ஒவ்வொரு பிளானிலும் அந்த வரியை மட்டும் கையெழுத்துப் போடும் முன் மறுபடி ஒரு தடவை பார்ப்பேன். என் பெண்ணும் பேரனும் ஏறும் விமானம் என்று நினைத்துத்தான் பார்ப்பேன். இப்போது அந்த மேஜையில் இருக்கும் பிள்ளைகளும் அப்படித்தான் பார்க்கிறார்கள். அக்காவிடம் சொல்லுங்கள், 6.15 என்பது ஏழானாலும் பதற வேண்டாம்.


வடுவூர்க்காரன் எழுதியது (ஜூலை 24):

அம்மா நல்லபடியாகப் போய்ச் சேர்ந்துவிட்டார். கணக்கை இங்கே எழுதி வைக்கிறேன், இதே கேள்வியோடு யாராவது வந்தால் உதவும்.

இரவு 11.14க்குப் பின்னால் தள்ளினார்கள். 11.41க்குச் சக்கரம் மேலே எழும்பியது, நான் திரிசூலம் ஸ்டேஷன் பக்கம் நின்று போனில் பார்த்துக்கொண்டிருந்தேன். சாங்கியில் தரையைத் தொட்டது சிங்கப்பூர் மணி 6.03. ஆக வானத்தில் 3 மணி 52 நிமிடம். நிறுத்துமிடத்தில் 6.12. தள்ளியதிலிருந்து நின்றது வரை 4 மணி 28 நிமிடம். சக்கர நாற்காலியில் வைத்து வெளியே கொண்டுவந்தபோது 6.50, இன்னும் விடியவில்லை. புயல் எதுவும் இல்லை, தூறல் மட்டும் இருந்ததாம்.

பக்கத்து சீட்டில் பெரம்பலூர் பையன் ஒருவன், கப்பல் பட்டறை வேலைக்குப் போகிறவன், ஜன்னல் பக்கம். மேலே ஏறியதும் அவன்தான் அம்மாவைக் குனிந்து பார்க்கச் சொன்னானாம். கரையை விட்டுக் கொஞ்ச தூரம் வரை கடலில் மீன்பிடி படகு விளக்குகள். “வெளக்கெல்லாம் முடிஞ்சப்புறம் ஒண்ணுமே இல்லடா, நான் கண்ணை மூடிக்கிட்டேன்” என்றார். இரண்டு தடவை குலுங்கியதாம். மண் ரோடு என்று நினைத்துக்கொண்டாராம்.

நாகை அம்மா திங்கட்கிழமை வீட்டுக்கு வந்து இரண்டு மணி நேரம் பேசிக்கொண்டிருந்திருக்கிறார். அக்கா சொன்னாள். அதற்கு எப்படி நன்றி சொல்வதென்றே தெரியவில்லை.

அம்மாவிடம் அப்பாவின் பழைய எச்எம்டி கைக்கடிகாரம் இருக்கிறது, சாவி கொடுக்கிற வகை. அதைத்தான் கட்டிக்கொண்டு போனார். அக்கா விமான நிலையத்திலேயே நேரத்தை மாற்றித் தருகிறேன் என்று கேட்டிருக்கிறாள், கொடுக்கவில்லை. தினமும் ராத்திரி சாவி கொடுக்கும்போது அரை மணி முன்னால் தள்ளி வைத்துவிட்டுப் படுத்திருக்கிறார். மாத்திரையெல்லாம் அந்தக் கடிகாரத்தைப் பார்த்துத்தான். இன்று காலை எட்டு மணிக்கு அக்கா வீட்டுச் சுவர்க் கடிகாரத்தையும் தன் கையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படம் எடுத்து அனுப்பச் சொல்லியிருக்கிறார். இரண்டும் ஒரே மணி காட்டுகின்றன.

செப்டம்பரில் திரும்பும் கணக்கையும் வந்து எழுதுகிறேன்.